டூலின் வாலில் இருந்த வர்ணம்

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் ஒரு சாக்கு நிறையப் பழைய லேத் டூல்களைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். "அண்ணே, இதுல பாதி எதுக்குன்னே தெரியலை. பாத்துச் சொல்லுங்க" என்றீர்கள். ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "வச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். உங்களில் ஒருவருக்கு முகம் சுண்டிப்போனதைக் கவனித்தேன். கர்வம் என்று நினைத்திருக்கலாம். கர்வம் இல்லை. மூன்று பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பிக் கேட்டபோது விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றேன். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. வாய் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

புறப்படும்போது, "மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டுத் தொடைச்சுக் கொண்டாரட்டுமாண்ணே?" என்று ஒருவர் கேட்டார். "வேணாம், வேணாம்! அதைத் தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். நான் சத்தம் போட்டுப் பேசி நீங்கள் கேட்டதே இல்லை. அதனால்தான் திகைத்துப்போய் நின்றீர்கள். அந்தச் சத்தத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. நேரில் சொல்ல வராது. எழுதும்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஆரப்பாளையம் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் நான் இரும்பு கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் முதலாளி என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவரும் லேத் ஓட்டி மேலே வந்தவர்தான். நல்ல மனிதர். ஆனால் ஒரு விஷயம் தெரியாது என்று சொல்வதைவிடக் கையை வெட்டிக்கொள்வார். எனக்குச் சொல்ல வெட்கம், அவருக்குச் சொல்ல ரோஷம். பட்டறையில் இப்படி இரண்டு பேர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது. ஏதோ ஒரு மில்லின் ஒர்க்ஷாப்பைக் கலைத்து, அங்கிருந்த டூல்களை ஏலம் விட்டார்கள் என்றும், அது பழைய இரும்புக் கடைக்கு வந்திருக்கிறது என்றும் கேள்விப்பட்டு முதலாளியும் நானும் போனோம். கடைக்காரர் ஒரு பாய். தாடி முழுக்க நரைத்தவர். கடை முன்னால் சாக்கை விரித்து டூல்களைக் குவித்திருந்தார். வேறு பட்டறைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் குந்தி உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி ஒரு சென்டரை எடுத்தார். லேத்தில் கடைகிற இரும்பின் முனையைத் தாங்கிப் பிடிக்கும் கூம்பு அது. உங்களுக்குத் தெரியும். இதில் கூம்பின் ஒரு பக்கம் பாதிக்கு இல்லை.

"என்ன பாய், ஒடஞ்ச சென்டரை எல்லாம் எங்க தலையில கட்டப் பாக்குறீங்க?" என்றார் முதலாளி.

பாய் வாய் திறக்கும் முன்பே பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டார். "மாப்ள, அது ஒடஞ்சதில்ல. அப்பிடித்தேன் செஞ்சிருக்கான். கடையிற இரும்போட நெத்தியைச் சீவும்போது டூல் நடுமையம் வரைக்கும் போகணும்ல? அதுக்கு வழி விட்டிருக்கான். இம்புட்டு வருசமா லேத் ஓட்டுற, இது தெரியாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர், "விடுப்பா, அவரு ஒடஞ்சதை ஒட்டவச்சு வாங்கிக்கிருவாரு" என்றார். மறுபடியும் சிரிப்பு. முதலாளியின் காது சிவந்துவிட்டது.

நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். கையில் நாலைந்து கார்பைட் டூல்கள். வெட்டும் முனையில் இரும்பைவிடக் கடினமான கார்பைட் துண்டைப் பற்றவைத்தவை. ஒவ்வொன்றின் பின்முனையிலும் விரல் அகலத்துக்கு வர்ணம் பூசியிருந்தது. சிலதில் சிவப்பு, சிலதில் நீலம், ஒன்றிரண்டில் மஞ்சள். இது எதற்கு என்று பாயிடம் கேட்க நினைத்தேன். கேள்வி நாக்கு வரைக்கும் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. அடுத்து என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. கேள்வியை முழுங்கிவிட்டேன். முதலாளி அவசர அவசரமாக இரண்டு சாக்கைக் கட்டச் சொல்லி, காசைக் கொடுத்துவிட்டு நடந்தார். நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

ஒரு பழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். உங்கள் பட்டறைகளிலும் உண்டு. பழைய சாமான் வாங்கினால், பூஜையில் வைக்கும் முன்பு முன்னால் வைத்திருந்தவனின் அடையாளம் எல்லாவற்றையும் போக்கிவிடுவோம். பெயர் வெட்டியிருந்தால் அரத்தால் ராவுவோம். வர்ணம் இருந்தால் சுரண்டுவோம். சந்தனம் வைக்கும்போது அது நம் ஆயுதமாக இருக்க வேண்டும். அடுத்தவன் பொருளைச் சாமி முன்னால் வைக்கக் கூடாது.

மில்லில் நூல் கண்டுக் குழலுக்கெல்லாம் நம்பர்வாரியாக வர்ணம் அடிப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். டூலில் இருந்ததும் அந்த மாதிரிதான், எந்தப் பிரிவின் டூல் என்று களவு போகாமல் இருக்க மில்காரன் வைத்த அடையாளம் என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். கேட்காதவன் இப்படித்தான் தனக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வான். அந்தப் பதில் எப்போதும் ரொம்பப் பொருத்தமாக இருக்கும்.

பூஜைக்கு முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து துடைத்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கத்தியால் சுரண்டி, எமரித் துணி போட்டுத் தேய்த்தேன். வர்ணம் லேசில் போகவில்லை. நானும் லேசில் விடவில்லை. சாயங்காலம் வரிசையாக அடுக்கியபோது வால் முதல் முனை வரை வெள்ளி மாதிரி இருந்தது.

முதலாளி பார்த்துவிட்டு, "அடேயப்பா, கல்யாணப் பொண்ணு மாதிரில நிக்கிது" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் அப்படி யாரையும் பாராட்ட மாட்டார்.

பூஜை முடிந்து நாலாம் நாள் காலையில் ஒரு லாரி எங்கள் பட்டறை முன்னால் வந்து நின்றது. விறகுக்குப் போகிற காலி லாரி. அதிலிருந்து ஆயில் எஞ்சினின் பிளைவீலை, அந்தப் பெரிய இரும்புச் சக்கரத்தை, நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். கூடவே ஒரு பெண் இறங்கினார். நாற்பது வயது இருக்கும். பேச்சியம்மாள் என்று பெயர். பேரையூர்ப் பக்கத்திலிருந்து வருவதாகச் சொன்னார்.

"தோட்டத்துல வெங்காயம் நிக்கிதுய்யா. ஒண்ணரைக் குறுக்கம். மழை ஏமாத்திருச்சு. கெணத்துல தண்ணி கெடக்கு, மேல ஏத்தத்தான் வழி இல்ல. எஞ்சின் ஓடுனா சக்கரம் கடகடன்னு ஆடுது. பாத்தவன் எல்லாம் மதுரைக்குக் கொண்டு போன்னுட்டான்."

முதலாளி, "வேற சக்கரம் வாங்கிப் போட்டுறலாமேத்தா?" என்றார்.

"அந்தக் கம்பெனியே இப்ப இல்லையாம். எங்க போயி வாங்க? மாட்டை வித்துத்தான் எஞ்சினே வாங்குனோம். இல்லைன்னா கமலை பூட்டியாவது எறச்சிருப்போம். இப்ப மாடும் இல்ல, எஞ்சினும் இல்ல. எங்க வீட்டுக்காரரு கொடத்துல கோதி ஊத்திக்கிட்டு இருக்காரு. ஒண்ணரைக் குறுக்கத்துக்குக் கொடத்துல! மூணு நாளு, மிஞ்சிப் போனா நாலு நாளு தாங்கும். அதுக்குள்ள செஞ்சு குடுங்க."

சக்கரத்தைப் பார்த்தோம். வார்ப்பிரும்பு. அச்சு நுழையும் நடுத்துளை தேய்ந்து அகன்றுபோயிருந்தது. அச்சோடு சக்கரத்தைப் பூட்டும் சாவி உட்காருகிற காடியின் மூலையில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். துளையை லேசாகக் கடைந்து சுத்தம் செய்து, உள்ளே புஷ் என்கிற குழல் ஒன்றை அடித்தால் சரியாகிவிடும். லேசாகத்தான் கடைய வேண்டும். துளையைச் சுற்றியிருந்த தடித்த பகுதியான குடத்தில் சதை அதிகம் இல்லை. கூடுதலாகப் போனால் எஞ்சின் ஓடும்போது குடம் பிளந்துவிடும். பிளந்த சக்கரத்தைத் திரும்ப ஒட்டவைக்க எங்களால் முடியாது.

"சாயங்காலம் தூக்கிட்டுப் போயிறலாம்த்தா" என்றார் முதலாளி. என்னிடம் திரும்பி, "புதுசா வாங்குனோம்ல, அந்தப் போரிங் டூலைப் போடு. வேகமா முடிஞ்சிரும்" என்றார்.

துளையின் உட்புறத்தைக் கடையும் போரிங் டூல்கள் இரண்டு இருந்தன. அச்சு வார்த்த மாதிரி ஒரே வடிவம். ஒன்றைக் கையில் எடுத்தபோது உள்ளுக்குள் ஏதோ இடறியது. பூஜைக்குப் பிறகு அந்த மூன்று நாளில் அதே சாக்கில் வந்த மற்ற டூல்கள் சிலவற்றை ஓட்டிப் பார்த்திருந்தேன். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த இரண்டில் ஒன்று ஸ்டீலில் வெண்ணெயாகப் போனது. இன்னொன்று கால் மணி நேரத்தில் குழிந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். கல்யாணப் பொண்ணு என்று அவர் சொன்னது என் காதிலேயே இருந்தது. சொல்லவில்லை.

சக்கரத்தைக் கட்டி, நடுமையம் பார்த்து, ஓட விட்டேன். பேச்சியம்மாள் வாசல் படியில் உட்கார்ந்து லேத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு காடி வரும் இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம். துளையின் சுவர் அந்த இடத்தில் விட்டுப்போயிருப்பதால் டூல் அங்கே ஒரு அடி வாங்கத்தான் செய்யும். வழக்கமான சத்தம்தான் என்று நினைத்தேன். சத்தம் மாறியது. கையை எடுத்து லீவருக்குக் கொண்டுபோவதற்குள் 'கர்ர்' என்று ஒரு அலறல். நிறுத்தினேன்.

டூலின் முனை உதிர்ந்திருந்தது. உதிர்ந்த முனை துளையின் சுவரைத் தோண்டிவிட்டிருந்தது. ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குல ஆழத்துக்குக் குறையாத பள்ளம்.

"என்ன தம்பி, நிப்பாட்டிட்டீக?" என்றார் பேச்சியம்மாள்.

 முதலாளி வந்து குனிந்து பார்த்தார். முகம் ஒரு நொடி வெளுத்தது. அடுத்த நொடியே, "ஒண்ணுமில்லத்தா, டூலு கொஞ்சம் மக்கர் பண்ணுது" என்றார். என் காதருகே வந்து, "பத்தவச்சது சரியில்ல போல. இன்னொண்ணு இருக்குல்ல, அதைப் போட்டுப் பள்ளத்தை எடுத்துரு. சீக்கிரம்" என்றார்.

இளைய நண்பர்களே, நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். இரண்டாவது டூல் என் கையில் இருந்தது. பளபளவென்று இருந்தது. துடைப்பதற்கு முன்பு இதன் வாலில் என்ன வர்ணம் இருந்தது என்று யோசித்தேன். இரண்டு போரிங் டூலும் ஒரே நிறமா, வேறு வேறா? ஞாபகம் வரவில்லை. சுரண்டியது ஞாபகம் இருக்கிறது, நிறம் ஞாபகம் இல்லை. கையில் வர்ணம் கறையாக ஒட்டியிருந்ததே என்று நகத்தைக்கூடப் பார்த்தேன். நகமும் சுத்தமாக இருந்தது. சோம்பேறி ஒருவன் துடைத்திருந்தால் எங்காவது ஒரு பொட்டு மிச்சம் இருந்திருக்கும். நான் நன்றாக வேலை செய்கிறவன்.

இன்னொரு பள்ளம் விழுந்தால் சக்கரம் அவ்வளவுதான். பிறகு அந்தம்மா பேரையூருக்கு வெறுங்கையோடுதான் போக வேண்டும்.

"வேணாம்ணே" என்றேன்.

"என்னது?"

"இதைப் போட வேணாம்ணே. இது என்னன்னு எனக்குத் தெரியாது."

முதலாளியிடம் நான் அதுவரை வேணாம் என்று சொன்னதில்லை. அவர் என்னை உற்றுப் பார்த்தார். "போரிங் டூலு தெரியாதா ஒனக்கு?"

"வால்ல வர்ணம் இருந்துச்சு. நான் தொடைச்சிட்டேன். அது என்னமோ சொல்லியிருக்குண்ணே. பாயிகிட்டக் கேட்டுட்டு வாரேன்."

அவர் பதில் சொல்லும் முன்பே முதலாளியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.  கடைக்குப் போனபோது அங்கே அன்றைக்கும் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் கேட்டேன்.

பாய் முழுசாகக் கேட்டார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! தொடைச்சிட்டீங்களா தம்பி? ஏலத்துல அந்த ஸ்டோர்காரரு எனக்குச் சொல்லித்தானே குடுத்தாரு! செவப்பு வார்ப்புக்கு. நீலம் ஸ்டீலுக்கு. மஞ்சள் ரெண்டுக்கும் நடுவுல. உள்ள இருக்குற கார்பைடே வேற வேறயாம். கண்ணுக்கு ஒண்ணு போலத்தான் தெரியுமாம்."

"நீங்க சொல்லலையே பாய்."

"நீங்க கேக்கலையே தம்பி. நான் இரும்பு நிறுத்து விக்கிறவன். லேத்துக்காரவுகளுக்கு நான் என்னத்தைச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அங்கே நின்றிருந்த ஒருவர் மட்டும் தன் கையில் இருந்த டூலைத் திருப்பி அதன் வாலைப் பார்த்துக்கொண்டார்.

விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் இனி அதனால் பயனில்லை. எந்த டூல் எது என்று சொல்லும் வர்ணத்தை நான்தான் அழித்திருந்தேன். திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன்.  அவர் பேச்சியம்மாளிடம், "பழைய இரும்புக் கடைச் சரக்கும்மா, நம்பி வாங்கினா இப்பிடித்தான்" என்று ஆரம்பித்தார்.

"பாயி சரக்குல தப்பில்ல" என்றேன். யார் முகத்தையும் பார்க்க முடியாமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "அக்கா, எந்த டூலு எதுக்குன்னு அதுல வர்ணம் இருந்துச்சு. அன்னிக்கே எனக்குச் சந்தேகம். கேக்காம விட்டுட்டேன். பூஜைக்குன்னு தொடைச்சும் போட்டுட்டேன். அதுனாலதான் உங்க சக்கரத்துல பள்ளம் விழுந்திருச்சு."

பேச்சியம்மாள் எழுந்து வந்து துளைக்குள் விரலை விட்டுத் தடவினார். பள்ளத்தில் விரல் நின்றது.

"சாமிக்குத் தொடைச்சதைத் தப்புன்னு நான் சொல்லல" என்றார். "அன்னிக்கு வாயைத் தொறக்கலை பாரு, அதுக்கு என் வெங்காயந்தானா கெடைச்சுச்சு?"

முனை உதிர்ந்த டூலைக் கழற்றிக் கீழே வைத்தேன். 

பள்ளம் போகும்வரை கடைந்தால் குடம் மெலிந்துவிடும். கீறல் இருக்கும் மூலை தாங்காது. முதலாளி ஒரு பீடியைப் பற்றவைத்தார், அணைத்தார். அப்போது பேச்சியம்மாள் கேட்டார்: "ஏன் தம்பி, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுறாப்ல இந்தக் கொடத்தைச் சுத்தி ஒரு இரும்புப் பட்டாவை இறுக்கிப் போட முடியாதா?"

முதலாளி உதட்டோரம் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். லேத்தே தெரியாத ஒருவர், சிரிப்பார்களே என்று நினைக்காமல், தெரியாததைக் கேட்டார். அவர் கேட்டதுதான் வழி. வெளியே ஒரு வளையம் இறுக்கிப் பிடித்தால், உள்ளே மெலிந்தாலும் குடம் பிளக்காது.

என் கையாலேயே பத்து வருஷமாகச் சாணை பிடித்து வந்த, கார்பைட் முனை இல்லாத பழைய ஸ்டீல் டூலை எடுத்தேன். அது மெதுவாகத்தான் போகும். ஆனால் அது எங்கே முனகும், எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். அன்று மீதிப் பொழுதும் மறுநாளும் குடத்தின் வெளிப்பக்கத்தைச் சமமாகக் கடைந்து, அதைவிட மயிரளவு குறைவான துளையோடு தடிமனாக ஒரு ஸ்டீல் வளையம் செய்தேன். வண்டிக்குப் பட்டா ஏற்றும் ஆசாரி ஒருவரை முதலாளி அழைத்து வந்தார். தெருவோரம் எருவாட்டி அடுக்கி வளையத்தைக் காய்ச்சி, இடுக்கியில் தூக்கி வந்து குடத்தில் இறக்கினோம். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஆசாரி பழக்கத்தில் தண்ணீர் வாளியைத் தூக்கினார்.

"ஊத்தாதீங்க!" என்று கத்தினேன். மரச் சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம். வார்ப்பிரும்பு படக்கென்று வெடித்துவிடும்.

ஆசாரி வாளியோடு அப்படியே நின்றார். "இந்த ஊமைக்கு இம்புட்டுச் சத்தமா?" என்றார். பேச்சியம்மாள்தான் முதலில் சிரித்தார். அந்த மூன்று நாளில் பட்டறையில் கேட்ட ஒரே சிரிப்பு அது.

தானாக ஆறவிட்டு, மூன்றாம் நாள் துளையை முடித்து, புஷ்ஷை அடித்தோம். ஆரப்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த பேச்சியம்மாள் சாயங்காலம் லாரியோடு வந்தார். சக்கரத்தை ஏற்றும் முன்பு ஒரு தீக்குச்சியில் வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு, வளையத்திலிருந்து குடத்துக்கு ஒரே கோடாக இழுத்தேன்.

"அக்கா, இந்தக் கோடு நேரா இருக்குற வரைக்கும் பயமில்ல. வளையத்துல ஒரு பாதி, கொடத்துல ஒரு பாதின்னு விலகுச்சுன்னா வளையம் நழுவுதுன்னு அர்த்தம். அப்பவே எஞ்சினை நிப்பாட்டிட்டு ஆளனுப்புங்க. இதை யாரும் தொடைக்கக் கூடாது. ஆயுத பூஜைக்குக்கூட."

"நீ ஒருவாட்டி தொடைச்சதே போதுங்கிற" என்றார் பேச்சியம்மாள். லாரி போய்விட்டது.

அடுத்த வாரம் முதலாளியே ஒரு உடைந்த வார்ப்புத் துண்டில் காடி வெட்டி, மிச்சமிருந்த அந்த இரண்டாவது போரிங் டூலைப் போட்டு ஓட்டிப் பார்த்தார். நாலு சுற்றில் முனை உதிர்ந்தது. அதுவும் ஸ்டீலுக்கான டூல்தான். அவர் மெஷினை நிறுத்திவிட்டு உதிர்ந்த துண்டை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.  அதற்குப் பிறகு எந்தச் சரக்கு வாங்கப் போனாலும், கடைக்காரர்களிடம், "எனக்குத் தெரியல, சொல்லுங்க" என்று அவர் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். முதல் தடவை கேட்டபோது குரல் கொஞ்சம் கரகரத்தது.

ஒரு வருஷம் கழிந்தது. பேரையூரில் ஒரு அரவை மில் வேலைக்காக முதலாளி என்னை அனுப்பினார். ஆயுத பூஜை முடிந்த மறுநாள். வேலை முடிந்ததும் பேச்சியம்மாள் தோட்டத்துக்கு வழி கேட்டுக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றுதான் யோசித்தேன்.

எஞ்சின் ஓடவில்லை. கிணற்று மேட்டில் பேச்சியம்மாள் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தம்பி" என்றார்.  நான்தான் கேட்டேன்.

"போன வருசம் வெங்காயம் என்னக்கா ஆச்சு?"

"கெழக்க பாதி கருகிருச்சு. நான் வந்து சேர்றதுக்கு மொத நாளே. மேற்க பாதியைக் காப்பாத்திட்டோம்." குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை பெய்தது, பெய்யவில்லை என்று சொல்வது போலச் சொன்னார்.

பிறகு எஞ்சின் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். எஞ்சின் முழுக்கச் சந்தனமும் குங்குமமும். சக்கரத்தை மண்ணெண்ணெய் போட்டு விளக்கியிருந்தார்கள். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. நடுக்குடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் அப்படியே கருப்பாக இருந்தது. அந்த அழுக்கின் நடுவில் என் வெள்ளைக் கோடு.

"மருமக தெரியாமத் தொடைக்கப் போயிட்டா. கையத் தட்டிவிட்டேன். எதுக்குன்னு அவளுக்கும் சொல்லிக் குடுத்துட்டேன். நாளைக்கு நான் இல்லைன்னாலும் யாராச்சும் தெரிஞ்சு வச்சிருக்கணும்ல."

குனிந்து பார்த்தேன். வளையத்திலிருந்து குடத்துக்கு, சேரும் இடத்தில் முறியாமல், கோடு நேராக இருந்தது.

இப்போது உங்கள் சாக்குக்கு வருகிறேன். மொத்தமும் விரித்து வைத்திருக்கிறேன், எதையும் துடைக்கவில்லை. ஏழு டூல்களின் வாலில் வர்ணம் இருக்கிறது. அவற்றைப் பிரித்துக் கட்டிவிட்டேன். பாதி இல்லாத சென்டர் ஒன்று இருக்கிறது. அது உடைந்தது இல்லை. இன்னும் ஒன்றில் வர்ணத்துக்குப் பதில் வாலில் மூன்று வெட்டு வெட்டியிருக்கிறான். அது என்னவென்று எனக்குத் தெரியாது. நீங்கள் வாங்கிய கடைக்கு என்னையும் கூட்டிப் போங்கள். கூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. நானே கேட்கிறேன்.